ஊன் வேறு, இரை வேறு

"பசித்தாலும் புலி புல்லைத் தின்னாது" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. மானமுள்ள மனிதனின் மனவுறுதியைச் சுட்டவே இதனை நாம் எடுத்தாளுகிறோம். எனினும் விலங்கு நூல் கூறும் உண்மையொன்றும் இதில் அடங்கியுள்ளது. புலி புல்லைத் தின்னாமை அதன் செருக்கினால் அன்று. தின்றாலும் அதனைக் கொண்டு உயிர் வாழும் வகையில் அதன் உடல் அமையவில்லை. புலியின் இனத்தைச் சேர்ந்த பூனைக்கும் இதுவே விதி. ஆயினும் நம் வீடுகளில் பூனை பால்சோறும் தயிர்ச்சோறும் உண்டே வளர்கிறது.

சேலம், நாமக்கல் சமவெளிப் பகுதியில் அண்மைக் காலமாக வேறொரு வழக்கமும் பரவி வருகிறது. நகரங்களில் வாழும் இளைஞர்கள் பாரசீகப் பூனை போன்ற விலையுயர்ந்த இனங்களை வாங்கி வளர்க்கின்றனர். "ஊனுண்ணிகளுக்கு இயற்கையான உணவு பச்சை இறைச்சியே" என்று எங்கோ கேட்டறிந்து, அன்றாடம் கோழிக்கறிக் கடையிலிருந்து எலும்பில்லாத சதையாகப் பார்த்து வாங்கி வந்து இடுகின்றனர். நோக்கம் நல்லது, செலவும் குறைவன்று. ஆனால் இரண்டு மாதத்திற்குள் குட்டி தாவ மறுக்கிறது. பின்னங்காலை இழுத்து நடக்கிறது. எடுத்து அணைத்தால் வலியால் கத்துகிறது. "தூய இறைச்சியைத் தவிர வேறெதுவும் கொடுக்கவில்லையே!" என்று வீட்டார் திகைக்கின்றனர். வேறெதுவும் கொடுக்காததே அங்கு நோய்க்குக் காரணம்.

சோறு மட்டும் இடுவது ஒரு பிழை. சதை மட்டும் இடுவது மற்றொரு பிழை. இவ்விரண்டுக்கும் இடையே செல்ல வேண்டிய வழி யாது என்பதைக் குடும்பத்தார் அறியும் பொருட்டு ஈண்டுச் சற்று விரிவாக எழுத விழைகிறோம்.

பூனையின் உடல் கேட்பது

நாயும் பூனையும் ஒரே திண்ணையில் படுத்துறங்கினாலும் உணவில் இரண்டும் ஒன்றல்ல. மனிதனோடு பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த நாய், அவனுடைய மாவுணவைச் செரிக்கும் ஆற்றலைப் பெற்றுவிட்டது. ஓநாயைவிட நாயின் உடலில் மாவைச் செரிக்கும் மரபணுப் படிகள் பன்மடங்கு மிகுந்துள்ளதை 2013-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். எனவே அளவான இறைச்சியோடு சோறும் கலந்து உண்டு நாய் நலமாக வாழக்கூடும்.

பூனை அவ்வாறன்று. மாவுணவைச் சிறிதளவு செரிக்குமேனும் அது அதற்குத் தேவையானதன்று. இனிப்புச் சுவையையும் பூனை அறியாது. அச்சுவையை உணர்த்தும் மரபணு பூனை இனத்தில் செயலற்றுப் போனதென்பது 2005-இல் வெளியான ஆய்வின் முடிவு. காரட்டிலும் கீரையிலும் உள்ள மஞ்சட் சத்தை நம் உடல் வைட்டமின் ஏ சத்தாக மாற்றிக் கொள்ளும். பூனையின் உடலால் அது இயலாது. விலங்கின் ஈரல், கொழுப்பு போன்றவற்றிலிருந்தே அதனைப் பெற வேண்டும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலைச் செரிக்கும் ஆற்றலும் குன்றிவிடுவதால், நாம் அன்போடு ஊற்றும் பாலே கழிச்சலுக்குக் காரணமாவதுண்டு.

இவையனைத்தினும் முதன்மையானது டாரின் என்னும் சத்து. இது தாவரங்களில் ஏறக்குறைய இல்லை எனலாம், இறைச்சியில் உண்டு, இருதயத்திலும் தொடைக்கறியிலும் மிகுதியாக உண்டு. மனிதன், நாய் போன்ற உயிர்கள் இதனைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும். பூனையோ போதிய அளவு ஆக்கிக்கொள்ள இயலாதது. இச்சத்து குறைந்தால் பூனையின் விழித்திரை சிதைந்து பார்வை போகும் என்பதை அமெரிக்க ஆய்வாளர் ஹேய்ஸும் அவருடைய துணைவர்களும் 1975-இல் மெய்ப்பித்தனர். 1987-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பயானும் பிறரும் மற்றொன்றைக் கண்டனர். பூனைகளின் இருதயத் தசை தளர்ந்து வீங்கும் கொடிய நோய்க்கும் இக்குறைவே காரணம் என்பதும், காலத்தில் டாரின் ஊட்டினால் அந்நோய் மாறும் என்பதும் அவர்கள் கண்டவை. அதன்பின் பூனை உணவு செய்யும் தொழிற்சாலைகள் டாரின் அளவை உயர்த்தின. அந்நோயும் வெகுவாகக் குறைந்தது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தவக்காலத்தில் நம் இல்லங்கள் பலவற்றில் இறைச்சி சமைப்பதில்லை. அந்நாட்களில் வீட்டுப் பூனைக்கும் மோர்ச்சோறே கிடைக்கிறது. நோன்பு என்பது மனிதன் தன் விருப்பத்தால் ஏற்பது. அதனை ஏற்கவும் மறுக்கவும் இயலாத ஓர் உயிர்மீது சுமத்துதல் பட்டினியே ஆகும். ஆண்டு முழுவதும் புலால் விலக்கிய இல்லங்களுக்கும் இது பொருந்தும். ஊனுண்ணியை வளர்ப்பதென்று முடிவு செய்தவர் அதற்கு ஊன் அளிப்பதென்றும் முடிவு செய்திருக்க வேண்டும்.

சதை மட்டும் போதாதது ஏன்?

அவ்வாறாயின் பச்சைக்கறியை நிறைய இட்டால் போதாதா எனில், போதாது. பூனை காட்டில் உண்பது கறியன்று, எலி. ஓர் எலியை அது பிடித்தால் சதை, எலும்பு, இரத்தம், ஈரல், இருதயம், சிறுநீரகம், மூளை, கொழுப்பு, தோல் என ஏறத்தாழ முழுவதையும் உண்கிறது. அச்சிற்றுடலுக்குள் பூனைக்கு வேண்டிய சத்துகள் யாவும் ஏற்ற விகிதத்தில் அடங்கியுள்ளன. நான்கு கிலோ எடையுள்ள பூனை அவ்வாறே வாழ வேண்டுமெனில் நாளொன்றுக்கு எட்டு முதல் பத்துச் சுண்டெலிகள் தேவைப்படும். இதுவே "முழு இரை" எனப்படுவது.

இதிலிருந்து சதையை மட்டும் பிரித்தெடுத்தால் நேர்வதென்ன? நூறு கிராம் சதையில் பாஸ்பரஸ் ஏறத்தாழ இருநூறு மில்லிகிராம். கால்சியமோ பத்து மில்லிகிராம் அளவே. பூனைக்கு இவ்விரண்டும் ஏறத்தாழச் சமமாக, கால்சியம் சற்றுக் கூடுதலாக இருத்தல் வேண்டும். சதையில் அது தலைகீழாகி இருபதில் ஒரு பங்காக நிற்கிறது. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உயிர் நில்லாது. ஆகவே கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள், எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்து இரத்தத்திற்கு ஈடுகட்டுகின்றன. வளரும் குட்டியின் எலும்புகள் நாளடைவில் மெலிந்து, வளைந்து, சிறு தாவலுக்கே முறிகின்றன. இடுப்பெலும்பு அமுங்கி மலச்சிக்கலும் வருவதுண்டு. முன்னர்க் கூறிய குட்டியின் துன்பம் இதுவே. காலத்தில் கண்டு உணவைத் திருத்தினால் எலும்பு சில வாரங்களில் வலுப்பெறும். வளைந்துவிட்ட எலும்பு நிமிர்வது அரிது.

மறு எல்லைக்குச் செல்வாரும் உண்டு. ஈரல் மலிவு, பூனைக்கும் அதன்மேல் பெருவிருப்பு. எனவே நாள்தோறும் ஈரலே இடுகின்றனர். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சாகும். ஈரலில் குவிந்துள்ள வைட்டமின் ஏ உடலில் தேங்கி, கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். கழுத்தைத் திருப்பவும் உடலை நக்கித் தூய்மை செய்யவும் இயலாமல் பூனை முடங்கும். உணவில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் ஈரல் கூடாது.

மீனும் அவ்வாறே. கெண்டை இனத்து மீன்கள் சிலவற்றைப் பச்சையாகத் தொடர்ந்து இட்டால், அவற்றிலுள்ள ஒருவகை நொதிப்பொருள் தயமின் என்னும் வைட்டமினை அழித்துவிடும். 1930-களில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நரிப்பண்ணை ஒன்றில் பச்சை மீன் தின்ற நரிகள் நடை தளர்ந்து மடிந்த பின்னரே இவ்வுண்மை வெளிப்பட்டது. காவிரியிலும் ஏரிகளிலும் பிடிபடும் மீனைப் பூனைக்கு வேகவைத்து, முள் நீக்கி, எப்போதாவது இடுவதே நலம். வெந்தால் அந்நொதிப்பொருள் அழிந்துபோகும்.

பிற நாட்டார் கண்ட வழி

முழு இரையை வளர்ப்புயிர்களுக்கு இடும் முறையை மேலை நாடுகளில் பெரிதும் பேணி வருவோருள் ஃபெரட் வளர்ப்போர் குறிப்பிடத்தக்கவர். ஃபெரட் என்பது நம் கீரியைப் போன்று நீண்ட உடலும் குறுங்கால்களும் உடைய சிற்றுயிர். இனத்தால் கீரிக்கு உறவன்று. முயல் வளைக்குள் புகுந்து முயலை வெளியே துரத்துவதற்காக இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பாவில் வளர்க்கப்பட்டு வந்துள்ளது. பழங்கால கிரேக்க நூலாசிரியர் ஸ்டிராபோவும் இவ்வகை உயிரைக் கொண்டு முயல் பிடித்ததைக் குறிப்பிட்டுள்ளார். பூனையைப் போலவே இதுவும் ஊனன்றி வாழாதது. இதன் குடல் மிகக் குறுகியது. உண்டது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியேறிவிடும். ஆகவே செரிக்கக் கடினமான மாவுணவால் இதற்குப் பயன் சிறிதே.

இதனை உலர் தீனியிலிருந்து முழு இரைக்கு மாற்றுவது எளிதன்று. பிறந்த ஆறு மாதத்திற்குள் எம்மணத்தை அறிந்ததோ அம்மணமுடையதையே வாழ்நாள் முழுவதும் உணவென்று கொள்வது அதன் இயல்பு. கொழுத்த எலியை முன்னே வைத்தாலும் முகர்ந்துவிட்டு அகன்றுவிடும். எனவே அதனை வளர்ப்போர் இறைச்சி, எலும்பு, ஈரல் முதலியவற்றை அரைத்துக் கூழாக்கி, இளஞ்சூடாக அதன் உதட்டில் தடவுவர். அது நக்கிச் சுவை கண்டபின் கூழைக் கெட்டியாக்குவர், பின்னர்த் துண்டுகள், பின்னர்ச் சிறு எலும்போடு கூடிய இறக்கை, இறுதியிலேயே முழு இரை. வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் நீளும் பொறுமையான பணி அது.

சதை எண்பது பங்கு, எலும்பு பத்துப் பங்கு, உள்ளுறுப்பு பத்துப் பங்கு, அதில் பாதி ஈரல் என்பது அவர்களிடையே வழங்கும் கணக்கு. வெறும் சதையினும் இது மிக மேலானது. ஆயினும் இது வளர்ப்போர் அனுபவத்தில் வகுத்துக்கொண்ட கைக்கணக்கேயன்றி ஆய்வில் தேர்ந்த அளவன்று. டேவிஸ் பல்கலைக்கழகத்தார் நூல்களிலும் பிறவிடங்களிலும் கிடைத்த வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சத்துச் சத்தாகக் கணக்கிட்டுப் பார்த்தனர். 2013-இல் ஆராய்ந்த நாயுணவுக் குறிப்புகள் 200-இல் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, ஏதேனும் ஒரு சத்திலேனும் குறையுடையவை. 2019-இல் ஆராய்ந்த பூனையுணவுக் குறிப்புகளில் எல்லாச் சத்தும் நிறைந்தது ஒன்றேனும் இல்லை. ஆகவே எவர் எழுதிய குறிப்பாயினும் கால்நடை மருத்துவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளாமல் ஆண்டுக்கணக்கில் பின்பற்றுதல் தகாது.

பச்சையா, முழுமையா?

பச்சை இறைச்சியைப் போற்றுவோர் எடுத்துக்காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. கலிபோர்னியாவில் மருத்துவர் பாட்டெஞ்சர் என்பவர் 1932 முதல் 1942 வரை நூற்றுக்கணக்கான பூனைகளை வளர்த்து ஆராய்ந்தார். பச்சை இறைச்சி உண்டவை தலைமுறை தலைமுறையாக நலமுடன் இருந்தன. வெந்த இறைச்சி உண்டவையோ எலும்பு மெலிந்து, பார்வை மங்கி, குட்டி ஈனும் ஆற்றலும் குன்றின. "நெருப்புப் பட்டால் உணவின் உயிர் போய்விடும்" என்று பலரும் இதிலிருந்து முடிவு கட்டினர்.

ஆனால் டாரின் பற்றிய உண்மை அந்நாளில் எவரும் அறியாதது. வேகவைக்கும்போது இச்சத்தில் பெரும்பகுதி நீரில் இறங்கிவிடுகிறது. அந்நீரைக் கொட்டிவிட்டால் சத்தும் உடன் போகும். பாட்டெஞ்சரின் பூனைகளை வாட்டியதில் இக்குறைவுக்குப் பங்குண்டு எனப் பிற்காலத்தார் கருதுகின்றனர். அஃதாவது, சமைத்தலால் குறைவது எதுவென்று அறிந்து அதனை ஈடு செய்தால், சமைத்த உணவும் பூனையைக் காக்கும். இரையின் நன்மை அதன் பச்சைத் தன்மையில் இருப்பதைவிட அதன் முழுமையிலேயே இருக்கிறது. இக்கட்டுரையால் நாம் வலியுறுத்த விரும்புவது இதுவே.

நம் பகுதியில் இதனை அழுத்திச் சொல்வதற்குத் தனிக்காரணம் உண்டு. நாமக்கல் முட்டைக்கோழிப் பண்ணைகளால் நாடறிந்த மாவட்டம். இங்குக் கோழிக்கறியே பூனைக்கு எளிதில் கிட்டும் ஊன். பச்சைக் கோழிக்கறியில் சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் முதலிய கிருமிகள் இருப்பது அரிதன்று. பூனை அவற்றைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதன் கிண்ணம், வாய், கழிவு ஆகியவற்றின் வழியே தரையில் தவழும் குழந்தைக்கும், வயது முதிர்ந்த தாத்தா பாட்டிக்கும் அக்கிருமி பரவும். கோலிஸ்டின் என்னும் உயிர்காக்கும் மருந்தைக் கோழி முதலிய உணவு விலங்குகளுக்குத் தருவதை 2019-இல் மைய அரசு தடை செய்தது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பற்றிய அச்சம் எத்துணை வளர்ந்துள்ளது என்பதற்கு அதுவே சான்று.

பறவைக் காய்ச்சல் இதனினும் கொடியது. தாய்லாந்தில் சிராச்சா புலிப் பூங்காவில் 2004 அக்டோபரில் பச்சைக் கோழியுடல்களைத் தின்ற புலிகளுக்கு எச்5என்1 நோய் கண்டது. அங்கிருந்த 441 புலிகளில் 147 புலிகள் மாண்டன, அல்லது நோய் பரவாதிருக்கக் கொல்லப்பட்டன. நம் நாட்டிலும் 2024 டிசம்பரில் நாக்பூரின் கோரேவாடா காப்பகத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இந்நோயால் இறந்தன. அடுத்த மாதமே மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடாவில் வீட்டுப் பூனைகளிடமும் இந்நோய் உறுதி செய்யப்பட்டது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 2024-ஆம் ஆண்டின் இறுதியில் கடையில் விற்ற பச்சை வான்கோழித் தீனியை உண்ட பூனை ஒன்று மாண்டது. அத்தீனி உறைநிலையில் இருந்ததே. உறைய வைப்பது இறைச்சியிலுள்ள சில ஒட்டுண்ணிகளைக் கொல்லும். இந்நோய்க் கிருமியையோ சால்மோனெல்லாவையோ கொல்லாது. நன்கு வேகவைத்தால் இரண்டும் அழியும். எனவே முட்டையும் கோழியும் சமைத்து உண்ணும் நமக்கு அச்சமில்லை. பச்சையாகத் தின்னும் பூனைக்கே அச்சம்.

பண்ணையில் தொழில் செய்வோர் இதனைக் கூர்ந்து நோக்க வேண்டுகிறோம். இறந்த கோழியைக் கொட்டகைக்குப் பின்னே வீசினால், பூனை அதனைத் தின்று அடுத்த பண்ணைக்கும் நம் அடுப்படிக்கும் ஒருசேர வந்து போகும். இறந்தவற்றை ஆழக்குழியில் புதைத்தல், எரித்தல் என்பவை பூனையை மட்டுமன்றித் தொழிலையும் காக்கும். தீவனக் கிடங்கில் எலிமருந்து வைக்குமிடத்திலும் பூனையை விடலாகாது. நஞ்சுண்ட எலியைத் தின்ற பூனையும் மடியும்.

இல்லத்தில் செய்யத் தகுவது

இனி, முழு இரையின் கணக்கைச் சட்டியில் அமைக்கும் வகையைக் கூறுவோம். தோலோடு கூடிய தொடைக்கறி முக்கால் கிலோ, கோழி இருதயம் நூற்றைம்பது கிராம், ஈரல் ஐம்பது கிராம், முட்டை ஒன்று. இவற்றைச் சிறிதளவு நீரில் மூடி வேகவைத்து, அந்நீரோடு சேர்த்தே பிசைய வேண்டும். முட்டையின் வெள்ளைக் கரு பச்சையாகவே இருந்தால் பயோட்டின் என்னும் சத்தைத் தடுக்கும். ஆதலின் அதுவும் வேக வேண்டும். எலும்பை வேகவைத்து இடலாகாது. வெந்த எலும்பு கூரிய சிலாம்புகளாகப் பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். அவ்வெலும்புக்கு ஈடாக நம் மாவட்டத்தில் குறைவின்றிக் கிடைக்கும் பொருள் முட்டையோடு. அதனைக் கழுவி, கொதிநீரில் இட்டு, உலர்த்தி, மாவாக இடித்துச் சலித்தால், ஒரு கிலோ கலவைக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி போதும். டாரின், வைட்டமின் ஈ, பி வகைகள், அயோடின் ஆகியவற்றை எவ்வளவு சேர்ப்பதென்பதை மருத்துவர் குறித்துத் தர வேண்டும். அவையின்றி இவ்வுணவு நிறைவுறாது. நாமக்கல்லில் 1985-இல் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நம் பகுதி பெற்ற பேறு. அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தையும் அணுகலாம்.

வெங்காயம், பூண்டு, மசாலை எதுவும் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் குருதிச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். எனவே நேற்றைய குழம்பை ஊற்றிப் பிசைந்த சோறு, காரத்தினால் மட்டுமன்றி இதனாலும் தீங்கே.

அனைத்தையும் கேட்டபின்னும் பச்சை உணவே அளிப்பேன் என்பார்க்குச் சில சொற்கள். சிறு குழந்தை, கருவுற்ற பெண், முதியவர், நோயாளி உள்ள வீட்டில் அம்முயற்சி வேண்டா. பூனையின் கழிவால் பரவும் டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி வயிற்றிலுள்ள சிசுவைத் தாக்க வல்லது. பறவைக் காய்ச்சல் செய்தி எழுந்த காலத்தில் பறவையூனைப் பச்சையாக இடவே கூடாது. சேலத்து வெயிலில் கிண்ணத்தில் இட்ட இறைச்சி அரைமணிக்கு மேல் கிடக்கலாகாது. கத்தி, பலகை, கிண்ணம் யாவும் தனியே இருக்க, கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். உயிருள்ள எலியையோ கோழிக்குஞ்சையோ கூண்டிலிட்டுப் பூனைக்கு வேடிக்கையாக விடுவது கொடுமை. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமும் அத்தகைய வேடிக்கையைக் குற்றமெனக் கொள்கிறது. அதனைக் கண்டு வளரும் பிள்ளைகளின் நெஞ்சம் என்னாகும் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்கட்டும்.

மாற்றம் மெல்ல வரட்டும்

பழகிய உணவை விட்டுப் புதியதற்கு மாற்றுங்கால் நம்மவர் பலர் செய்வது பட்டினி போடுதல். "பசி ருசி அறியாது, இரண்டு நாள் கிடந்தால் தானே தின்னும்" என்பர். மனிதனுக்குப் பொருந்தும் அச்சொல் பூனைக்குப் பொருந்தாது. பழக்கமற்ற உணவைத் தொடாமலே கிடக்கும் பிடிவாதம் பூனைக்கு உண்டு. இரண்டு மூன்று நாள் உண்ணாவிடில், அதிலும் கொழுத்த பூனையாயின், உடற்கொழுப்பு ஈரலில் சென்று படிந்து உயிருக்கே இறுதியாகும். ஒரு நாள் முழுதும் உண்ணவில்லையெனில் பழைய உணவை இடுக. மறுநாளும் உண்ணாவிடில் மருத்துவரிடம் செல்க.

முதலில், எந்நேரமும் தீனி கிடக்கும் வழக்கத்தை விட்டு, நாளைக்கு இரண்டு மூன்று வேளை என்று வரையறுக்க வேண்டும். பின்னர்ப் பழைய உணவில் பத்தில் ஒரு பங்கு புதியதைக் கலந்து தொடங்கி, மூன்று நான்கு நாளுக்கொரு முறை சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். ஒரு மாதத்தில் மாறும் பூனையும் உண்டு; ஆறு மாதம் கேட்பதும் உண்டு. குளிர்ந்த உணவைப் பூனை விரும்பாது. அப்போதே பிடித்த எலியின் உடற்சூடு எவ்வளவோ அவ்வளவு இளஞ்சூடு இருத்தல் நலம். கழிச்சல் கண்டால் ஒரு படி பின்வாங்குக. வாரத்திற்கொரு முறை எடை பார்க்க வேண்டும். பூனையைத் தூக்கிக்கொண்டு நிறைகோலில் நின்று நம் எடையைக் கழித்தால் போதும். வளர்ந்த பூனைக்கு நாளொன்றுக்கு அதன் எடையில் நூற்றில் மூன்று பங்கு என்பது தொடக்க அளவு. குட்டி, சினைப்பூனை, சிறுநீரக நோயுடையது ஆகியவற்றுக்கு மருத்துவர் சொல்லாமல் எதையும் மாற்ற வேண்டா.

இவ்வளவும் நம்மால் ஆகாது என்று அயரும் குடும்பங்களும் உண்டு. அன்றாடக் கூலியில் வாழும் இல்லத்தில் பூனைக்கெனத் தராசு பிடிப்பது எளிதா? அத்தகையோர், பூனைக்கென்றே முழுச் சத்துணவு எனக் குறித்து விற்கப்படும் தீனியை நம்பி வாங்கலாம். அதுவும் இயலாதபோது, சோற்றைக் குறைத்து, வெந்த முட்டையும் கறிக்கடையில் மலிவாய்க் கிடைக்கும் இருதயமும் சேர்த்து, முட்டையோட்டுத் தூளில் ஒரு சிட்டிகை தூவினாலும் பால்சோற்றினும் அது பன்மடங்கு மேல். நிறைவாக இயலாவிடினும் இயன்ற அளவு செய்தல் நன்று.

நம் வீட்டுப் பூனை தனக்கு என்ன வேண்டுமென்று சொல்ல வல்லதன்று. கிண்ணத்தில் இட்டதை உண்ணும். உண்டதால் வந்த நோயையும் ஒரு மூலையில் ஒடுங்கிப் பொறுத்துக் கிடக்கும். ஆதலின் அன்பு மட்டும் போதாது. அறிவும் உடன் வேண்டும். இன்று மாலை உங்கள் பூனையின் கிண்ணத்தை ஒருமுறை உற்று நோக்குங்கள். அதில் கிடப்பது சோறா, வெறும் சதையா, அல்லது ஓர் எலியின் உடலுக்கு ஈடாக நிற்கக்கூடிய உணவா என்று பாருங்கள். பின்னர்க் குட்டி தாவுகிறதா என்றும் பாருங்கள்.